ஆனந்தரங்கப் பிள்ளையும் அவர் ஏடு காத்த உண்மையும்

அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் நின்று மேற்கே நோக்குவார்க்குக் காரைக்காற் பட்டினம் வயல்களுக்கும் தென்னஞ்சோலைகளுக்கும் இடையே அமைதியாகத் தோன்றும். காவிரியின் கிளைகள் கொணர்ந்து சேர்த்த வண்டலின்மேல் எழுந்த இவ்வூர், காரைக்காலம்மையார் பிறந்த பதி என்னும் பெருமையால் தமிழுலகு முழுதும் அறியப்பெற்றது. தஞ்சை மன்னரின் சீமைக்குள் இருந்த இது 1739ஆம் ஆண்டிற் பிரெஞ்சியர் கைக்கு வந்தது. இடையிடையே ஆங்கிலேயர் வசமிருந்த காலம் நீங்கலாக, 1954ஆம் ஆண்டுவரை அவர்களிடமே இருந்தது. கோட்டைகள் கைமாறியதும், மன்னர்கள் எழுந்து வீழ்ந்ததும், ஆளுவோர் வஞ்சனையால் மாய்க்கப்பட்டதும் ஆகிய அக்காலத்துச் செய்திகளை நாம் எங்ஙனம் அறிகின்றோம்? பிரெஞ்சுத் துரைமார் தம் கும்பினிக்கு எழுதிய கடிதங்கள் உள. ஆங்கிலேயர் எழுதிய சரித்திரங்கள் உள. இவ்விரண்டிற்கும் புறம்பாக, தமிழிலேயே, அன்றன்று நிகழ்ந்ததை அன்றன்றே எழுதிவைத்த ஒருவரின் ஏடும் உளது. அவரே புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள். அவர்தம் வாழ்க்கையையும், அவர் காலத்து நிகழ்ந்த ஒரு கொலைச் சூழ்ச்சியையும், அதன் சாட்சியம் நம் காலம்வரை பிழைத்து வந்த வரலாற்றையும் இங்கே சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, வணிகத்திற் பேர் பெற்றவர். அன்னையாரைப் பிள்ளை இளம்பருவத்திலேயே இழந்தார். திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனராகிய நைனியப் பிள்ளை புதுச்சேரியிற் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக விளங்கினார். அவர் அழைப்பை ஏற்றுக் குடும்பம் புதுச்சேரிக்குக் குடியேறிற்று. துபாஷி என்பார் இரு மொழி அறிந்தவர் என்பது சொற்பொருள். அவர் வேலையோ மொழிபெயர்ப்பளவில் நிற்பதன்று. துணியும் தானியமும் கொள்முதல் செய்தல், வணிகரைக் கூட்டிப் பேசி விலை தீர்த்தல், நாட்டரசரின் வக்கீல்களை எதிர்கொள்ளுதல், ஊர் வழக்குகளைத் தீர்த்தல் ஆகிய யாவும் அவர் பொறுப்பாம்.

அப்பெரும் பதவியின் நிழல் எத்துணை வெம்மை உடையது என்பதைப் பிள்ளை சிறு வயதிலேயே கண்டார். 1716ஆம் ஆண்டில், அந்நாளைய கவர்னர் எபேர் என்பவரின் பகைக்கு நைனியப் பிள்ளை ஆளானார். அவர்மேற் குற்றங்கள் சாட்டப்பட்டன, சொத்துக்கள் பறிமுதலாயின, அடுத்த ஆண்டில் அவர் சிறையிலேயே உயிர் துறந்தார். அவர் மகனார் குருவப் பிள்ளை கடல் கடந்து பிரான்சு தேசம் சென்று, தந்தைக்கு நேர்ந்த அநீதியை அங்குள்ள அதிகாரிகள்முன் எடுத்துரைத்து நீதி பெற்றார்; அரசாங்கத்தின் கௌரவ விருதொன்றும் பெற்றுத் திரும்பினார். எட்டு வயதுப் பாலகரின் உள்ளத்தில் இந்நிகழ்ச்சிகள் பதிந்திராமல் இரா. அதிகாரம் உடையவன் சொல்வதே அன்றைய உண்மை. ஆயினும் எழுத்தைக் கையில் வைத்திருப்பவன் ஒருநாள் அதனை மாற்றவும் கூடும் என்னும் பாடத்தை அவர் தம் குடும்பத்துத் துன்பத்திலிருந்தே கற்றிருக்கலாம் என்று எண்ணுவது பிழையாகாது.

1726ஆம் ஆண்டில் திருவேங்கடம் பிள்ளை காலமானார். அப்போது கவர்னராயிருந்த லெனுவார் இளைஞரான ஆனந்தரங்கரின் திறமையை அறிந்து, பரங்கிப்பேட்டையில் இருந்த கும்பினியின் நெசவுத் தொழிற்சாலையை அவர் பொறுப்பில் விட்டார். பிள்ளையவர்கள் சொந்த வணிகமும் நடத்தினார். ஆனந்தப்புரவி என்னும் கப்பலையும் உடையராயிருந்தார். கணக்கு வழக்கிற் கைதேர்ந்த இவ்வணிகர், 1736ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6ஆம் நாள், தம் கணக்குப் புத்தகங்களோடு வேறொரு புத்தகத்தையும் திறந்தார். அன்று தொடங்கிய நாட்குறிப்பு, நோயாலும் வேலைப் பெருக்காலும் நின்ற நாட்கள் ஒழிய, ஏறக்குறைய 25 ஆண்டுகள் தொடர்ந்தது.

தமிழ் வருஷமும் மாதமும் தேதியும் கிழமையும் இட்டு, துறைமுகத்துக்கு வந்த கப்பல், அதில் இறங்கிய சரக்கு, கவர்னர் வீட்டிற் பேசிய பேச்சு, யார் யாருக்கு என்ன வெகுமதி கொடுத்தார், எத்தனை பீரங்கி மரியாதை முழங்கிற்று, ஊரில் எவர் வீட்டிற் கலியாணம், எவர் வீட்டிற் சாவு என்று அனைத்தையும் அவர் எழுதினார். அவர் நடை புலவர் நடையன்று. கடைவீதியிலும் கச்சேரியிலும் வழங்கிய பேச்சுத் தமிழே அஃது. பாரசீகமும் தெலுங்கும் போர்த்துக்கேசியமும் பிரெஞ்சும் அதிற் கலந்து ஓடும். இலக்கணப் பண்டிதர் அதனைக் கண்டு முகஞ்சுளிக்கலாம். 18ஆம் நூற்றாண்டுத் தமிழர் வாய் திறந்து எவ்வாறு பேசினர் என்று அறிய விரும்புவோர்க்கோ அதனினும் சிறந்த கருவூலம் அரிது.

நம் காரைக்காலும் அப்பக்கங்களிற் பலகாலும் தோன்றும். தஞ்சை மன்னர் சாகுஜி, அரியணையைக் காத்துக்கொள்ள வேண்டி, 1738ஆம் ஆண்டிற் காரைக்காலைத் தருவதாகக் கவர்னர் துமாவிடம் வாக்களித்ததும், துன்பம் நீங்கியபின் அவ்வாக்கு நழுவியதும், திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றியிருந்த சந்தா சாகிபு தம் படையை அனுப்பி 1739ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஊரைப் பிடித்துப் பிரெஞ்சியரிடம் ஒப்புவித்ததும் சரித்திரம் கூறும் செய்திகள். பின்னர், 1749ஆம் ஆண்டு முடிவில் தஞ்சையோடு செய்த உடன்படிக்கையாற் காரைக்காலைச் சூழ்ந்த 81 ஊர்கள் பிரெஞ்சியரைச் சேர்ந்தன. இவ்வாறு, நாம் இன்று வரைபடத்திற் காணும் இச்சிறு நிலப்பகுதி, அக்காலத்து நவாபுகளின் பகையும் நட்பும் வரைந்த எல்லையே யாம்.

நிற்க. 1742ஆம் ஆண்டில் தூப்ளே துரை புதுச்சேரிக்குக் கவர்னராக வந்தார். தலைமைத் துபாஷியாயிருந்த கனகராய முதலியார் 1746ஆம் ஆண்டு பிப்ரவரியிற் காலமானார். அப்பதவிக்குப் பலர் போட்டியிட்டனர். கவர்னரின் மனைவியாரும் அதில் தலையிட்டார். நெடுநாள் இழுபறிக்குப்பின் அது ஆனந்தரங்கப் பிள்ளையை அடைந்தது. அம்மையாருக்கும் பிள்ளைக்கும் இருந்த மனக்கசப்பு நாட்குறிப்பிற் பல இடங்களில் ஒளிவின்றித் தெரிகின்றது.

இனி அச்சூழ்ச்சியின் கதைக்கு வருவோம். தக்கணத்துச் சுபாவை ஆண்ட நிசாம்-உல்-முல்க்கு 1748ஆம் ஆண்டில் இறந்தார். அவர் மகனார் நாசர் ஜங்கும், மகள் வயிற்றுப் பேரராகிய முஜபர் ஜங்கும் அவ்வுரிமைக்குப் போரிட்டனர். முஜபர் ஜங்கு, ஆர்க்காட்டு நவாபு பதவியை நாடிய சந்தா சாகிபு, தூப்ளே துரை ஆகிய மூவரும் ஓரணியாயினர். 1749ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆம்பூரில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் மாண்டார். வெற்றிபெற்ற முஜபர் ஜங்கு புதுச்சேரிக்கு வந்தபோது, பிள்ளையவர்களுக்கு 3000 குதிரைக்குரிய மன்சப் பட்டமும் விருதுகளும் வழங்கினார்.

ஆனால் 1750ஆம் ஆண்டில் நாசர் ஜங்கு பெரும்படையோடு கருநாட்டுக்குள் புகுந்தார். பிரெஞ்சுப் படையின் அதிகாரிகள் சிலர் பணம் பற்றிய மனத்தாங்கலாற் கலகம் செய்து களத்தை விட்டு நீங்கினர். கைவிடப்பட்ட முஜபர் ஜங்கு மாமனிடம் சரணடைந்து விலங்கிடப்பட்டார். வாளால் முடியாததைத் தூப்ளே துரை வேறு வழியில் முடிக்கத் தொடங்கினார். நாசர் ஜங்கின் பாசறையிலேயே இருந்த கடப்பை, கர்னூல், சாவனூர் நாட்டுப் பட்டாணிய நவாபுகள் மனக்குறை உடையராயிருந்தனர். அவர்களோடு இரகசியக் கடிதங்கள் நடந்தன. செப்டம்பர் மாதத்திற் புசி என்னும் தளபதி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். டிசம்பர் மாதம் 16ஆம் நாள் விடியுமுன், செஞ்சியிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சுப் படை பாசறையைத் தாக்கிற்று. குழப்பத்தினிடையே யானைமீதேறி வந்த நாசர் ஜங்கு, தம்மவர் என்று நம்பிய பட்டாணிய நவாபு ஒருவரின் துப்பாக்கிக்கு இரையானார். அவர் தலை ஈட்டியின்மேல் ஏற்றப்பட்டது. விலங்கோடிருந்த முஜபர் ஜங்கு அக்கணமே சுபேதாரானார்.

சுட்ட கை எவருடையது? கடப்பை நவாபின் கை என்று எழுதினாரும் உளர். கர்னூல் நவாபின் கை என்று எழுதினாரும் உளர். நாசர் ஜங்கு அதற்குமுன்பே சமாதானத்துக்கு இசைந்துவிட்டார் என்றும், அச்செய்தி படைத்தலைவரை எட்டுமுன் தாக்குதல் நிகழ்ந்துவிட்டது என்றும் சரித்திரக்காரர் கூறுவர். அங்ஙனமாயின், தூப்ளே துரை சமாதானத்தை ஒரு கையிலும் சூழ்ச்சியை மறு கையிலும் வைத்திருந்தாரா, அன்றி நிகழ்ச்சிகள் அவர் கையை மீறி ஓடினவா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவார் ஆங்கிலேயர் நூலை மட்டும் நம்பின் பகைவர் சொல்லை நம்பியவராவர். தூப்ளேயின் கடிதங்களை மட்டும் நம்பின் பயன்பெற்றவர் சொல்லை நம்பியவராவர். இவற்றோடு ஒப்பிட மூன்றாவது குரல் ஒன்று வேண்டும். அக்குரல் தமிழிற் கிடைத்தது நாம் செய்த பாக்கியம்.

ஆனந்தரங்கப் பிள்ளை பாசறையில் நின்று பார்த்தவர் அல்லர். அவர் இருந்தது செய்திகள் வந்து கூடும் இடத்தில். வக்கீல்கள் கூறிய வாய்மொழி, ஒட்டகத்தில் வந்த கடிதம், பாரசீகக் கடிதங்களைப் படித்துச் சொல்லும் மதனானந்த பண்டிதரின் விளக்கம், கவர்னர் காட்டிய மகிழ்ச்சி, அவர் மறைத்த கவலை ஆகியவை அவர் செவியிலும் கண்ணிலும் பட்டன. வதந்தியை வதந்தி என்றே பல இடங்களில் எழுதினார். மறுநாள் அது பொய்யானால் அதனையும் எழுதினார். முன்னர் எழுதியதை அடித்துத் திருத்திக் கதையைச் சீராக்கவில்லை. ஆராய்ச்சியாளர் இவ்வேட்டை மதிப்பதற்கு இதுவே தலையாய காரணம். பின்னாள் எழுதப்படும் நினைவுரை முடிவை அறிந்து எழுதப்படுவது; நாட்குறிப்போ நாளை என்ன நேரும் என்பதை அறியாதவன் எழுதுவது.

ஆயினும் அவரை நடுநிலையாளர் என்று புகழ்தல் பொருந்தாது. தூப்ளேயின் வெற்றி அவர் வெற்றி. முஜபர் ஜங்கின் ஏற்றம் அவர் ஏற்றம். கொலையுண்டவரின் பகைவரிடம் பட்டம் பெற்றவர் அவர். தம் சாதகத்தின் பலனையும் தம் புகழையும் அவர் சற்று மிகையாகவே எழுதுவார். வேண்டாதவரைச் சுடுசொல்லாற் சாடுவார். இக்குறைகளை மறைப்பது அவருக்கும் நன்றன்று, உண்மைக்கும் நன்றன்று. சாட்சி சொல்பவன் எங்கே நின்றான், யார் உப்பைத் தின்றான் என்று அறிந்து கேட்பதே நீதிமன்றத்தின் முறை. சரித்திர ஆராய்ச்சியின் முறையும் அதுவே.

சூழ்ச்சியால் வந்த வெற்றி நெடுநாள் நிற்கவில்லை. பரிசு போதவில்லை என்று வெகுண்ட அதே பட்டாணியர் 1751ஆம் ஆண்டு பிப்ரவரியிற் கடப்பைச் சீமையில் முஜபர் ஜங்கின் வழியை மறித்தனர். அச்சண்டையில் அவரும் மாண்டார், கர்னூல் நவாபும் மாண்டார். சந்தா சாகிபு 1752ஆம் ஆண்டு தஞ்சைப் படையினரிடம் அகப்பட்டுத் தலை துணிக்கப்பட்டார். நாசர் ஜங்கு வீழ்ந்ததன் நினைவாகத் தூப்ளே துரை தம் பெயரால் ஒரு வெற்றி நகர் எடுக்க முயன்றார். அதனைக் கிளைவ் அழித்துச் சென்றார் என்று ஆங்கிலச் சரித்திரங்கள் கூறும். தூப்ளே 1754ஆம் ஆண்டு திருப்பி அழைக்கப்பட்டு, 1763இற் பாரிசு நகரில் வறுமையில் இறந்தார். கல்லில் எழுத நினைத்தது மண்ணாயிற்று. தாளில் எழுதியதோ நின்றது.

தூப்ளே சென்றபின் பிள்ளையவர்களின் செல்வாக்கும் தேய்ந்தது. உடல்நலமும் குன்ற, 1756இல் துபாஷிப் பதவி அவரை விட்டு நீங்கியது. அருமை மைந்தர் இருவரையும் இழந்த துயரமும் அவருக்கு உண்டு. அவ்வளவிலும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. 1760ஆம் ஆண்டு ஏப்ரலிற் காரைக்கால் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பின்னர்ப் புதுச்சேரி முற்றுகையிடப்பட்டது. ஊரார் பட்டினியால் வாடினர். 1761ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் நாள் ஆனந்தரங்கப் பிள்ளை உயிர் நீத்தார். நான்கு நாட்களில் நகரமும் வீழ்ந்தது. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன.

இங்ஙனம் ஊரே அழிந்த காலத்தில் ஒருவர் எழுதிய தாள்கள் எவ்வாறு பிழைத்தன என்பது வியப்பேயாகும். அவர் தம்பியின் மகனார் திருவேங்கடம் பிள்ளை ஏடுகளைப் பேணியதோடு, தாமும் நாட்குறிப்பைத் தொடர்ந்து எழுதினார். அதன்பின் அவை வீட்டுப் பெட்டியில் உறங்கின. 1846ஆம் ஆண்டில், புதுச்சேரியில் வாழ்ந்த கல்வா மொம்புருன் என்னும் பிரெஞ்சுக் கனவான், பிள்ளையின் மரபினர் வீட்டில் அவற்றைக் கண்டு மதிப்புணர்ந்தார். தமிழ் கற்ற அரியேல் என்பார் பிரதியொன்று எடுத்தார். அஃது இன்று பாரிசு தேசிய நூலகத்தில் உளது. 1892இல் சென்னை அரசாங்கத்தார் இவ்வேட்டின் அருமையைக் கேட்டறிந்து தமக்கும் பிரதி எடுப்பித்தனர். பிரைசு துரை, ரங்காச்சாரியார் துணையோடு ஆங்கில மொழிபெயர்ப்பைத் தொடங்க, டாடுவெல் அதனை முடித்தார்; 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகள் வெளிவந்தன.

நாம் நாணத்தக்க செய்தி ஒன்றும் இங்குண்டு. தமிழர் தமிழில் எழுதிய இந்நூலின் ஆங்கில வடிவம் முற்றுப்பெற்று 20 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1948ஆம் ஆண்டில், புதுவை ஞானு தியாகு அவர்களின் முயற்சியால் தமிழ் மூலம் தொகுதி தொகுதியாக அச்சேறத் தொடங்கிற்று. 2019ஆம் ஆண்டில் மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோர் பதிப்பித்த 12 தொகுதிகளும் நம் கைக்கு வந்துள்ளன. இத்தனை பேர் முயன்றும் இடையிடையே சில காலத்து ஏடுகள் கிடைக்கவே இல்லை. அவற்றோடு போன உண்மைகளை எவர் மீட்பார்?

அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1963ஆம் ஆண்டு நவம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டதை யாவரும் அறிவர். அக்கொலையின் பின்னே சூழ்ச்சி உண்டோ என்னும் ஐயம் தணியாமையால், 1992இல் அந்நாட்டார் தனிச்சட்டம் இயற்றி, அதுபற்றிய அரசாங்கப் பத்திரங்கள் அனைத்தையும் ஓரிடத்தில் திரட்டிப் பொதுமக்கள் காண வகை செய்தனர். சட்டமும் செல்வமும் உடைய நாடு செய்தது அது. நாசர் ஜங்கின் கொலைக்கு விசாரணைச் சபை கூடவில்லை. பத்திரம் காக்கச் சட்டமும் இல்லை. ஒரு வணிகரின் வழக்கமும், ஒரு குடும்பத்தின் பெட்டியும், சில அறிஞரின் கண்ணுமே அவருக்குக் கிடைத்த நீதி. எனவே சாட்சியம் காக்கும் பணி அரசாங்கத்தார்க்கு மட்டும் உரியதென்று நாம் வாளா இருத்தல் தகாது.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்கின்றீர்கள். காரைக்காலிலும் திருநள்ளாற்றிலும் நிரவியிலும், நாகையிலும் தரங்கையிலும், பழைய வீடுகளின் பரணில் ஓலைச்சுவடிகளும் கணக்குப் புத்தகங்களும் பிரெஞ்சு நொத்தாரிசு பத்திரங்களும் இன்னும் கிடக்கும். வீட்டைப் புதுப்பிக்கும்போது அவை குப்பையோடு சேர்கின்றன. கரையான் தின்றது போக மிஞ்சியது எடைக்குப் போகின்றது. அவற்றுள் ஒரு நவாபின் கொலை இராமற் போகலாம். ஒரு வாய்க்காலின் வழக்கும், ஒரு பஞ்சத்து ஆண்டின் நெல்விலையும், கடல்கடந்து சென்று மீளாத ஒருவரின் பெயரும் இருக்கக் கூடும். எறியுமுன் பிரித்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். இயன்றால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த மாளிகை அவர் பெயர் பூண்ட வீதியில் இன்றும் நிற்கின்றது. அங்குச் செல்வோர் அதன் மரத்தூண்களின் வேலைப்பாட்டைக் கண்டு வியப்பர். அம்மாளிகைக்குரியவர் நமக்கு விட்டுச்சென்ற பெரும் செல்வமோ, பகலின் ஆரவாரம் அடங்கியபின் அன்று கேட்டதை அன்றே எழுதிவிட்டுத் துயிலச் சென்ற அவர் பழக்கமாம். அப்பழக்கத்தை நாமும் மேற்கொள்வோமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் நன்றிக்கடனாகும்.